பிஸ்கட் ஜாடிக்குள் பங்காளிச் சண்டை

அவள் யாரை அடித்தாலும் மரியாதை கொடுத்துத்தான் அடிப்பாள். "சித்தெ இப்பிடித் திரும்புங்க" என்பாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று எதிரில் நிற்பவர் திரும்புவார். பளீரென்று கன்னத்தில் விழும். விழுந்த பிறகு, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று வேறு சொல்வாள். ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் நானும் அவளும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் லேப் டெக்னீஷியன், நான் வார்டு நர்ஸ். அந்தக் குரலை நம்பி நான் இரண்டு முறை கன்னத்தைக் காட்டியிருக்கிறேன். மூன்றாம் முறை அவள் சொல்லி முடிப்பதற்குள் நானே ஓங்கிவிட்டேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆளைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஐந்தடிக்கும் குறைவு. ஒட்டிய கன்னம். முழங்கையில் நூல் பிரிந்த நீல ஸ்வெட்டர். மலைக்குளிரில் நாங்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நடப்போம். அவள் மட்டும் இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி, எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும் என்பதுபோல் நடப்பாள். அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய கைகள். மலையடிவாரத்து ஊர்க்காரி. அவள் அப்பா சண்டைக்கு விடக் கட்டுச்சேவல் வளர்த்தவராம். "எங்கூட்டுல பொட்டப்புள்ளைங்களுக்கு முன்னாடி சேவலுக்குத்தானுங்க சோறு" என்று சிரிக்காமல் சொல்வாள்.

அவள் அடித்து நான் பார்த்த முதல் ஆள் அவள் புருஷன். ஒரு மத்தியானம் குடித்துவிட்டு லேப்புக்கே வந்து அவள் கொண்டையைப் பிடித்தான். மேஜையில் இருந்த கண்ணாடி அளவு ஜாடியை எடுத்து அவன் மண்டையில் இறக்கினாள். ஜாடி உடைந்தது, மண்டையும் உடைந்தது. நான்தான் தையல் போட்டேன். அவன் அசையாமல் இருக்க வேண்டுமே என்று அவளே அவன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குத்துக்கும் குனிந்து, "வலிக்குதுங்களா? வலிக்குதுங்களா?" என்று கேட்டாள். அதில் எவ்வளவு பாசம், எவ்வளவு கேலி என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் போன பிறகு ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். தோள்வரை பழைய சூட்டுத் தழும்புகள். "மூணு வருசம் வாங்கினனுங்க சிஸ்டர். பொறவுதான் குடுக்கக் கத்துக்கிட்டேன்" என்றாள். உடைந்த ஜாடிக்கு அவளே வேறொன்று வாங்கி வைத்தாள்.

அவளுடைய லேப் என்பது ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து மைக்ராஸ்கோப் கண்ணாடியை மறைக்கும். அதனால் ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே ஸ்பிரிட்டும் மூத்திரமும் கலந்த வாடை. அலமாரியின் மேல்தட்டில், டீக்கடையில் பன்னும் பிஸ்கட்டும் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு பெரிய கண்ணாடி ஜாடி இருந்தது. அதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று பெருக்க வரும் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள். அந்த அம்மா அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை, தகவலாகவே எடுத்துக்கொண்டாள்.

ஜாடியின் கதை இதுதான். மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, ரத்தம் கலந்து கூழ்போல் உறையவைத்த வட்டத் தட்டில் ஒரு சொட்டை இழுத்து, சூட்டுப்பெட்டிக்குள் ஒரு நாள் வைப்பார்கள். நோய்க்கிருமி வளர்ந்தால் அதன் பேரை எழுதுவார்கள். வளராவிட்டால் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதித் தட்டை வேகவைத்துக் கழுவிவிடுவார்கள். அவள் கழுவமாட்டாள். அந்தத் தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, மூடியை இறுக்குவாள். காற்றில் உள்ள பிராணவாயு குறைந்து மெழுகுவத்தி தானே அணையும். அந்தக் காற்றில் மேலும் இரண்டு நாள் இருந்தால், ஒன்றுமில்லை என்று சொன்ன தட்டில் குண்டூசி முனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் முளைக்கும்.

"ஒண்ணுக்குல கிருமியே இருக்கப்படாதுன்னு நமக்குப் படிச்சுக் குடுத்தாங்களே, பொய்யிங்க சிஸ்டர்" என்றாள் ஒருநாள். "மூத்திரப்பைக்குள்ள நல்லதுங்க குடியிருக்குது. தயிர் ஒறைக்குது பாருங்க, அந்தக் கூட்டத்துக்குச் சொந்தம். அதுங்க இருக்கற வரைக்கும் கெட்டது உள்ள வந்து குந்த முடியாது."

"வெளியில தோல்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்" என்றேன். டாக்டரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூத்திரப்பைக்குள்ளயே டியூப் உட்டு எடுத்த சாம்பிள்லயும் வருதுங்களே. அதென்னத்துல ஒட்டிக்கிட்டு வந்துச்சு?"

இதோடு விட்டிருந்தால் அவள் படித்த லேப்காரி என்று பேர் வாங்கியிருப்பாள். அவளுக்கு அந்த நல்லதுகளைப் பார்த்தால் மட்டும் போதவில்லை, சண்டைக்கு விட வேண்டியிருந்தது. தட்டின் நடுவே ஒன்றை நேர்கோடாக இழுத்து வளரவிடுவாள். அதற்குக் குறுக்கே இன்னொரு ஆளுடைய நல்லதை இழுப்பாள். கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றை அழித்திருக்கும். சில சமயம் கிட்டேயே நெருங்கவிடாமல் சுற்றிலும் வெறும் இடமாக ஆக்கியிருக்கும். காகம், கீரி, செவலை என்று சேவலுக்கு வைக்கும் பேர்களையே அதுகளுக்கும் வைத்திருந்தாள். எது யாருடைய உடம்பிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு. காலையில் ஜாடியைத் திறக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ரத்தம் பார்க்கப்போகிறவள் முகம்.

"கெட்டதைத்தானே அடிக்கோணும்? நல்லதும் நல்லதும் எதுக்கு அடிச்சுக்குது?" என்று கேட்டேன். அவளோடு பேசினால் எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

"பங்காளிங்க சிஸ்டர்" என்றாள். "ரெண்டுக்கும் ஒரே சோறு, ஒரே எடம். வெளியாளுக்கு வேற சோறு. அப்ப மொதல் எதிரி ஆரு? பங்காளிதான். புளிப்பைக் கக்கும், வெசத்தைக் கக்கும். பங்காளியைக் கொல்லக் கக்கின வெசத்துலதான் வெளியாளும் சாவறான். அதுங்க சமாதானமாப் போனா நம்ம மூத்திரப்பை நாறிப்போயிருமுங்க." இதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்தது பக்தி. சண்டை போடாதவர்களெல்லாம் அழுகிப்போவார்கள் என்று மனதார நம்பிய ஒருத்தி அவள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கு உடம்புப் பரிசோதனை நடக்கும். நானும் டப்பியில் மூத்திரம் கொடுத்தேன். நான்கைந்து நாள் கழித்து, வார்டு நிறைய நோயாளிகள் இருக்கும்போது வாசலில் நின்று, "சிஸ்டர், உங்களுது தோத்துப்போச்சுங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எதுங்க?" என்றேன். "உங்க கீரியும் என்ற காகமும். ஒரே தட்டுல உட்டேன். என்றது உங்களுதை வழிச்சுத் தின்னுபோட்டுது." அறுபது வயதுக் கிழவர் ஒருவர் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து சிரித்தார். கையில் இருந்த ஸ்டீல் டிரேயை எடுத்து எறிந்தேன். நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. "இந்தக் கோவம் உங்க கீரிக்கு இருந்திருந்தா செயிச்சிருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் அவளாகவே வந்து, மறுபடி வைத்துப் பார்த்ததில் என்னுடையது அவளுடையதை அழித்துவிட்டது என்று ஒப்புக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாது. அந்த ஒரு குணத்துக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மஞ்சக்குட்டை, வாழவந்தி, தலைச்சோலை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து எல்லாம் வருவார்கள். காப்பிப்பழம் பறிக்கும் காலம் வந்தால் நீர்க்கடுப்போடு பெண்கள் வரிசையாக வந்து உட்காருவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் மறைவிடம் கிடையாது. வரிசையை விட்டு இறங்கினால் வேலைக்கணக்கு எழுதும் ரைட்டர் கத்துவான். அதனால் காலையில் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு வருகிறவர்கள் சாயங்காலம்வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. ஒருவருக்கொருவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். புதிதாகப் பறிக்க வரும் பெண் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால், மற்றவர்கள் அதை வாங்கிச் செடிக்கு ஊற்றிவிடுவார்களாம், அவள் நல்லதுக்காக.

இதைக் கேட்ட அன்றே அவள் ஒரு எஸ்டேட்டுக்குக் கிளம்பிப் போனாள். பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ரைட்டரிடம், "சித்தெ இப்பிடித் திரும்புங்க" என்றாள். இந்த முறை கை ஓங்கவில்லை. அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி கொடுத்த சாம்பிள் டப்பியைத் திறந்து, சீழும் ரத்தமுமாக இருந்ததை அவன் முகத்தில் வீசினாள். "இது உங்க தோட்டத்துல வெளஞ்சதுங்க" என்றாளாம். அவன் அவளைக் கீழே தள்ளி மிதித்தான். இரண்டு விலா எலும்புகள் விரிசல் விட்டன. ஒரு மாதத்தில் அந்தத் தோட்டத்தில் தகரம் அடித்த கழிப்பறை வந்தது. சாவி ரைட்டரிடம் இருந்தது. விலாவில் கட்டோடு மறுபடி போய்ப் பூட்டைக் கல்லால் உடைத்துவிட்டு வந்தாள். டப்பியை ரைட்டர் முகத்தில் வீசிவிட்டதால், அதைக் கொடுத்த பெண் அப்போது மறுநாளே மறுபடியும் சாம்பிள் கொடுக்க ஜீப் பிடித்து வரவேண்டியிருந்தது. அதை நான் சொல்லிக் காட்டினேன். முதல் முறையாக அவள் தலையைக் குனிந்தாள்.

எனக்கும் அவளுக்கும் இருந்த நிரந்தரச் சண்டை மாத்திரையைப் பற்றியது. நீர்க்கடுப்பு என்று வந்தால் டாக்டர் எழுதி வைத்திருக்கும் மாத்திரையை நான் உடனே கொடுத்துவிடுவேன். எரிச்சலில் துடிக்கிறவளை மூன்று நாள் காத்திரு என்று சொல்ல எனக்கு மனசு வராது. அவளோ, தட்டில் வளர்த்துக் கல்ச்சர் பார்க்காமல் மாத்திரை கொடுத்தால் கெட்டதோடு நல்லதும் செத்துப்போகும், காலி வீட்டில் அடுத்த முறை கெட்டது சுலபமாகக் குடியேறும் என்பாள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதனால்தான் அந்தச் சண்டை தீரவே இல்லை.

செல்வி தலைச்சோலைக்காரி. காப்பி பறிப்பவள், சத்தமே இல்லாத பெண். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை, ஐந்தாம் மாதம். அந்த ஐந்து மாதத்துக்குள் மூன்று முறை நீர்க்கடுப்பு. முதல் இரண்டு முறையும் என் மாத்திரை, இரண்டு முறையும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை லேப்காரி முந்திக்கொண்டு சாம்பிள் வாங்கி வைத்துவிட்டாள். "இந்தப் புள்ளையை நாங் காப்பாத்தறேன் கண்ணு. ஆரு என்ன குடுத்தாலும் முழுங்கிராதே" என்று என் காதில் விழும்படி செல்வியிடம் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முடிவு தெரியும் நாள் டாக்டர் சேலத்துக்குப் போயிருந்தார். செல்வி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மாத்திரை அட்டையை அவள் கையில் வைத்தேன். அந்த நேரம் லேப்காரி தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். ஓடிவந்தாள் என்றால் உண்மையாகவே ஓட்டம். அந்தத் தட்டில் கிருமி பரப்பி, மருந்தில் தோய்த்த ஸ்டிக்கர் பொட்டு அளவு காகிதங்களை வட்டமாக ஒட்டியிருப்பாள். எந்தப் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வெளுத்திருக்கிறதோ அந்த மருந்து கேட்கும். எந்த மருந்து கேட்கிறது என்று அவள் இன்னும் எழுதியிருக்கவில்லை. என் மருந்து கேட்கவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு, அதை எனக்குக் காட்டத்தான் ஓடிவந்தாள்.

"பாருங்க சிஸ்டர்! உங்க மாத்திரையைச் சுத்தி எப்பிடிச் செழிப்பா வளந்திருக்குது பாருங்க! நீங்க மருந்தா குடுத்தீங்க? ஒரம் போட்டீங்க!" என்று என் மூக்குக்கு நேரே தட்டை நீட்டினாள். செல்வியின் கையில் இருந்த அட்டையைப் பிடுங்கி வீசினாள்.

"டாக்டர் கையெழுத்து இருக்கா? நீ யாரு மருந்தை நிறுத்த?" என்றேன்.

"சித்தெ இப்பிடித் திரும்புங்க…"

அவள் முடிக்கவில்லை. நான் கையை வீசினேன். பட்டது அவள் கன்னத்தில் இல்லை, தட்டில். கண்ணாடித் தட்டு சுவரில் மோதி நொறுங்கி விழுந்தது. அவள் என் முடியைப் பிடித்தாள். நான் அவள் கழுத்தைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். இருவரும் தரையில் புரண்டோம், இரண்டு நடுவயதுப் பெண்கள், யூனிஃபாரத்தோடு. என் முழங்கால் அவளுடைய முன்பு உடைந்த விலாவில் இருந்ததும், அது எனக்குத் தெரிந்தே இருந்ததும் நினைவிருக்கிறது. பெருக்கும் அம்மா வந்துதான் எங்களைப் பிரித்துவிட்டாள்.

பிரிந்ததும் அவள் தரையைத் தேடினாள். உடைந்த சில்லில் கொஞ்சம் கூழ் ஒட்டியிருந்தது. அதிலிருந்து சுரண்டி மறுபடி வளர்த்துவிடலாம் என்று ஓடினாள், கம்பி எடுத்துவர. கல்ச்சர் தட்டு உடைந்தால் உடனே பினாயில் ஊற்ற வேண்டும் என்பது விதி. அதைச் சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். அவள் கம்பியோடு திரும்புவதற்குள் நான் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். விதிப்படி செய்தேன். அவள் சுரண்ட வருவாள் என்று தெரிந்தேதான் செய்தேன். மிச்ச மூத்திரத்தை அவள் அன்று காலையே கொட்டியிருந்தாள். அந்த வெள்ளைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கம்பியோடு நின்றாள்.

அதற்குப் பிறகுதான் இருவரும் பெஞ்சைப் பார்த்தோம். செல்வி இல்லை. தலைச்சோலை ஜீப் போய்விட்டிருந்தது.

ஜீப் டிரைவர் ஒருவரிடம் சொல்லிவிட்டிருந்தால் போதும், அவள் மறுநாளே திரும்பி வந்திருப்பாள். அவளுடைய நோயாளிதானே, அவள் சொல்லி அனுப்பட்டும் என்று நான் இருந்தேன். நான் தகவல் சொல்லியிருப்பேன் என்று அவள் இருந்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. டாக்டரிடமும் யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் குளிர்க்காய்ச்சலில் பல் கிட்டிப்போய்ச் செல்வியை ஜீப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது. சேலத்துக்கு அனுப்பினோம். செல்வி பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. ஆண் குழந்தை என்று கூடப் போன புருஷன் வந்து சொன்னான்.

லேப்காரி அதற்குப் பிறகு யாரையும் அடிக்கவில்லை. வார்டில் ஒருவன் அவளைக் கெட்ட வார்த்தை சொன்னபோதும் பேசாமல் போனாள். ஜாடியில் மெழுகுவத்தி ஏற்றுவதும் நின்றது. அந்த அமைதியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று தெரியாது. அதற்கு முன்னால் ஒரு காலை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

செல்வி ஊசி போட்டுக்கொள்ள வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். லேப்காரி ரத்தம் எடுக்க வந்து நின்றாள். செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல்தான் கேட்டாள்.

"அன்னிக்கு ஆருங்க செயிச்சீங்க?"

நான் ஊசியைத் தட்டி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினேன்.

"நாந்தான் கண்ணு" என்றாள் லேப்காரி. "தட்டை ஒடைச்சது நாந்தான். சிஸ்டர் மேல ஒரு தப்பும் இல்லை."

பொய்யே சொல்லத் தெரியாதவள். செல்வி எழுந்து நின்றாள். அவள் அடிப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. காப்பி பறித்துக் காய்த்துப்போன கை. மூன்றாவது அடியில் லேப்காரியின் உதடு கிழிந்தது. அவள் கை இரண்டும் பக்கவாட்டில் அப்படியே தொங்கின. நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்து, "ஊசியைப் போடுங்க சிஸ்டர், புள்ளைக்கு ஜீப்புக்கு நேரமாச்சு" என்றாள்.

நான் செல்வியின் கையைப் பிடித்து, பஞ்சால் துடைத்து, ஊசியைப் போட்டேன்.